தனக்குத்தானே நட்சத்திரம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் மாமியாருக்கு முழங்கால் வலி. நீங்கள் விசாரித்தால் 'அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ளே' என்பார், விசாரிக்காவிட்டால் அதை ஒரு வாரம் என்னிடம் சொல்வார். போனில் பேச ஆரம்பித்தால் நீங்கள் 'சரிங்க மாமா, சரிங்க மாமா' என்று முடித்துவிடுவதால் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். விஷயம், உங்கள் கம்பெனி செய்து எங்கள் கம்பெனிக்கு விற்றிருக்கும் அந்த மனிதவள மென்பொருள் பற்றியது. பெண்ணைக் கொடுத்த இடத்தில் குறை சொல்லக் கூடாதுதான். மென்பொருளைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் கம்பெனிக்குப் பல நாடுகளில் தொழிற்சாலை இருப்பதும், இந்தக் கிளையில் பணியாளர் பிரிவை நான் பார்த்துக்கொள்வதும் உங்களுக்குத் தெரியும். எல்லா நாட்டுக்கும் ஒரே மென்பொருள் என்று தலைமை அலுவலகம் உத்தரவு போட்டது. லீவு, சம்பளம் எல்லாம் அதில் ஒழுங்காகத்தான் நடந்தது. வருடாந்தர மதிப்பீடு வந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. ஒவ்வொருவரும் தன் வேலைக்குத் தானே ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை போட்டுக்கொள்ள வேண்டுமாம். எங்கள் ஆட்கள் அநேகமாக எல்லோரும் தங்களுக்கு இரண்டு போட்டுக்கொண்டார்கள். எலெக்ட்ரீஷியன் மட்டும் மூன்று போட்டுவிட்டு, மற்றவர்கள் என்ன போட்டார்கள் என்று விசாரித்து, திரும்பி வந்து ஒன்றைக் குறைத்துவிட்டுப் போனார். வேறொரு நாட்டுக் கிளையில் எல்லோரும் ஐந்து. அங்கிருந்து போன வருடம் போன சரக்கில் பாதி திரும்பி வந்துவிட்டது. எங்கள் பெட்டி ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஆனால் உங்கள் மென்பொருள் அவர்களைப் பச்சையிலும் எங்களைச் சிவப்பிலும் காட்டி, சிவப்பில் இருப்பவர்களுக்கு மூன்று மாதம் பயிற்சி, அதிலும் தேறாவிட்டால் வீட்டுக்கு என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது.

இதில் எனக்குப் பெரிய கவலை பேக்கிங் அம்மா விஷயம். பேக்கிங் பிரிவை நடத்துவது அவர்தான். தலைமை மேற்பார்வையாளர் ஓய்வு பெறப் போகிறார், அந்த நாற்காலி இவருக்குத்தான் என்று நான் எப்போதோ மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். அவரோ தனக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுக்கொண்டு, கடைசியில் 'மேல்பதவி வேண்டுமா?' என்ற கேள்விக்கு 'வேண்டாம்' என்று அழுத்தியிருந்தார். கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏம்மா, ஒண்ணா போடுறது? நீங்க இல்லாட்டி பேக்கிங்கே நின்னுடும்."

"அதை நீங்க சொல்லலாம் சார். நானே சொல்லிக்கிட்டா நல்லாவா இருக்கும்?"

"மேல்பதவி வேண்டாம்னு வேற போட்டிருக்கீங்க."

"ஆமா சார். வேணாம்."

நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். நம் ஆட்களிடம் காபி வேண்டுமா என்றால் வேண்டாம் என்பார்கள்; டம்ளரைக் கையில் கொடுத்தால் குடிப்பார்கள். இது உங்கள் மென்பொருளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

சரி, தற்பெருமையைக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்து, அவரவர் தன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். லாரி டிரைவர் எழுந்து "நான் வண்டி ஓட்டுவேன் சார்" என்றார். நன்றாக ஓட்டுவேன் என்று சொல்லுங்கள் என்றால், "அதை வண்டியில வர்றவங்கதான் சொல்லணும்" என்கிறார். அதே மனிதர் "எலெக்ட்ரீஷியனைப் பத்தி வேணா சொல்லட்டுமா?" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் பேசினார். எலெக்ட்ரீஷியன் நெளிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. ஒருவர் படிவத்தை இன்னொருவர் நிரப்பட்டும் என்றேன். கடவுச்சொல்லை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில் எங்கள் ஆட்களுக்கு எந்தக் கூச்சமும் இல்லை. சாயங்காலத்துக்குள் தொழிற்சாலை முழுவதும் ஐந்து நட்சத்திரம். பேக்கிங் அம்மாவின் படிவத்தை மட்டும் வேறு யாரிடமும் விடாமல் நானே நிரப்பினேன். 'இந்தத் தொழிற்சாலையின் முதுகெலும்பு நானே' என்று எழுதினேன். 'வேண்டாம்' என்பதையும் 'வேண்டும்' என்று மாற்றிவைத்தேன்.

ஒரே நாளில் ஒரு கிளை முழுவதும் இப்படி முன்னேறினால் யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வீடியோவில் வந்து, பேக்கிங் அம்மாவிடம் நேரடியாகப் பேச வேண்டும் என்றார். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "முதுகெலும்பு என்று எழுதியிருக்கிறீர்களே, விளக்க முடியுமா?" என்று அவர் கேட்க, இந்த அம்மா பதறிப்போய், "ஐயோ, நான் எங்க சார் அப்படி எழுதினேன்? அதெல்லாம் இல்லைன்னு சொல்லுங்க" என்று தலையை இடமும் வலமும் ஆட்டினார். 'ஆமாம், முழுப் பொறுப்போடுதான் எழுதினேன்' என்று நான் மொழிபெயர்த்தேன். பிறகு ஏன் தலையை அப்படி ஆட்டுகிறார் என்று அதிகாரிக்கு ஐயம். எங்கள் பண்பாட்டில் சம்மதத்தை அப்படித்தான் தெரிவிப்போம் என்றேன். அவர் மிகுந்த மரியாதையோடு அதைக் குறித்துக்கொண்டு, அங்கேயே பதவியை உறுதி செய்துவிட்டார். எனக்கு அன்று நல்ல தூக்கம்.

ஆனால் ஒவ்வொரு வருடமும் என்னால் இந்தக் கூத்தை ஆட முடியாது. ஆகவே மாப்பிள்ளை, தனக்குத்தானே நட்சத்திரம் போடும் அந்த இடத்தை எங்கள் கிளைக்கு மட்டுமாவது எடுத்துவிடுங்கள். அதோடு, ஒருவர் 'வேண்டாம்' என்று அழுத்தினால் உடனே நம்பிவிடாமல் இன்னும் இரண்டு தடவையாவது கேட்கும்படி செய்யுங்கள். இதை நான் எழுதியதாக உங்கள் மேலதிகாரியிடம் சொல்ல வேண்டாம். அனுபவமுள்ள ஒருவர் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மகளுக்கு எங்கள் அன்பு. இருவரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நீண்ட காலம் ஒற்றுமையாக இருக்க எங்கள் இருவரின் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பேக்கிங் அம்மா பதவி உத்தரவோடு என் அறைக்கு வந்தார். நான் சொல்லாமலே உட்கார்ந்தார்.

"சார், இந்த வேலை வேணாம்னுதான் நான் போட்டிருந்தேன்."

"கூச்சப்படாதீங்கம்மா" என்றேன்.

"கூச்சம் இல்ல சார். மேஜையைச் சுத்தி நாலு பேரோட நின்னு பேசிக்கிட்டே வேலை செய்யறதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. மேற்பார்வையாளரோட அந்தக் கண்ணாடி ரூம்ல தனியா உக்காந்தா மூச்சு முட்டும். உனக்கு என்ன வேணும்னு வீட்லயும் சரி, இங்கயும் சரி, இதுவரைக்கும் ஒருத்தரும் என்னைக் கேட்டதில்ல. அந்த மிஷின்தான் மொதமொதல்ல கேட்டுச்சு. அதுக்கும் நீங்களே பதில் சொல்லிட்டீங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நடந்ததைத் தலைமை அலுவலகத்துக்கு அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். அவர் பேக்கிங் மேஜைக்கே திரும்பிப் போகலாம், என் கதி என்ன என்று இனிமேல்தான் தெரியும். ஆகவே மேலே கேட்டதையெல்லாம் மறந்துவிடுங்கள் மாப்பிள்ளை. உங்கள் மென்பொருள் இருக்கிறபடியே இருக்கட்டும். ஒருவர் சொன்ன பதிலை இன்னொருவர் மாற்ற முடியாதபடி மட்டும் அதில் ஒரு பூட்டுப் போடுங்கள். சாவியை என்னிடம் கொடுத்துவிடாதீர்கள்.