என் ஈறுக்கு வந்த கவாத்து

ஒரு பெண் எவ்வளவு சிரிக்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? பொருளாதாரத்தில் எம்.ஏ. படிக்கிற எனக்கு இல்லை. என் அப்பா சுடலைமணிக்கு இருந்தது.

மஞ்சூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் அவர் கவாத்து சூப்பர்வைசர். ஓங்கி வளர்ந்த தேயிலைச் செடியை மட்டமாக வெட்டி நிறுத்துவதற்குப் பெயர் கவாத்து. அப்பா எதைப் பார்த்தாலும் எங்கே வெட்டலாம் என்றுதான் பார்ப்பார். என் முடி, என் பேச்சு, என் படிப்பு எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. அந்த வருஷம் ஈறு.

அந்த வருஷம் பச்சை இலை விலை படுத்துவிட்டது. பறித்த இலையை ஃபேக்டரியே வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. எஸ்டேட்டில் அப்பாவுக்கு வேலை குறைந்தது. வீட்டில் எங்களுக்கு அப்பா அதிகமானார்.

அப்போதுதான் தரகர் ஆறுக்குட்டி ஒரு வரன் கொண்டுவந்தார். பையனுக்கு அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் உத்தியோகம். தேயிலை விழுந்தாலும் வெடிமருந்து விழாது என்பது அப்பாவின் பொருளாதாரம். என் போட்டோ போனது. பதில் வந்தது. பெண் லட்சணமாக இருக்கிறாளாம். சிரித்தால் மட்டும் ஈறு கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறதாம். நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறார்களாம்.

அந்த வாரமே அப்பா ஒரு பத்திரிகையைப் பிடித்துவிட்டார். ‘ஈறு சீரமைப்பு உங்களுக்கு ஏற்றதா?’ என்று கட்டுரை. கீழே கேள்விகள். அத்தனைக்கும் அப்பாவே பதில் எழுதிக்கொண்டிருந்தார். ‘ஈறு உங்கள் தன்னம்பிக்கையைப் பாதிக்கிறதா?’ என்பதற்கு ‘மிகவும்’.

“யாரோட தன்னம்பிக்கைப்பா?” என்றேன்.

“குடும்பத்தோடது, கண்ணு.”

“ஈறு என்னோடதாச்சே.”

“அது குடும்பத்துலதான இருக்குது? லேசர்ல லேசா எடுக்கறதாம். வலியே இல்லையாம். காட்டுல இத்தனை செடி வெட்டறேன், ஒண்ணாச்சும் கத்துதா?”

“செடிக்கு வாயில்லப்பா.”

“அதனாலதான் அது நல்லா வளருது.”

விலை விழுந்த வருஷம்தான் கவாத்துக்கு ஏற்ற வருஷம் என்று மேலும் விளக்கினார். எப்படியும் இலைக்கு மதிப்பில்லை. இப்போதே வெட்டிவிட்டால் விலை ஏறும்போது தளிர் தயாராக நிற்கும். நான் தளிராம். விலை, அருவங்காடு.

விடுவேனா? என் உடம்பு, என் உரிமை, அழகு என்ற பெயரில் நடக்கும் வியாபாரம் என்று காலையில் ஆரம்பித்து இரவுச் சோறு வரை வாதாடினேன். அப்பா வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். இதைவிடக் கேவலம், அம்மா கருப்பம்மாள் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டு சும்மா இருந்ததுதான். கேட்டதற்கு, அப்பா சொல்வதும் சரிதானே என்றாள். பெண்ணுக்குப் பெண்ணே எதிரி என்பதை ஒத்துக்கொள்ளாதவள் நான். அன்றைக்கு ஒரு மணி நேரம் ஒத்துக்கொண்டேன்.

சாப்பாடு ஆனதும் அம்மா மெல்ல ஆரம்பித்தாள்.

“ஏனுங்க, காட்டுல கத்தி வெக்கற முன்னாடி மொதல்ல என்ன பாப்பீங்க?”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தொழிலைப் பற்றி அம்மா கேட்டது கல்யாணமானதிலிருந்து அதுதான் முதல் தடவை போலிருக்கிறது.

“வேரைப் பாக்கோணும். ஒரு துண்டு வெட்டி அயோடின் தொட்டு வெக்கோணும். கறுத்தா சத்து இருக்குது, வெட்டலாம். கறுக்கலைன்னா கத்தியே படக்கூடாது. இது தெரியாம காட்டையே அழிச்ச பெரிய துரைக எல்லாம் உண்டு.”

“அப்படிங்களா? சரி, புள்ளைக்கு இந்த ஈறு யாரு வழிங்க?”

“எங்க வழிதான். எங்கய்யாவுக்கும் இப்படித்தான்,” என்றார் அப்பா, சொத்தைச் சொல்வதுபோல.

“அப்ப வேரு நீங்கதானுங்களே. மொதல்ல உங்க வாயைக் காட்டிட்டு வந்துருவோம்.”

அப்பா என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். சொந்த விதியை எப்படி மறுப்பது?

குன்னூரில் டாக்டர் ஜூடித்தின் பல் கிளினிக்குக்கு மூவரும் போனோம். முதலில் வேர் நாற்காலியில் ஏறியது. டாக்டர் மெல்லிய கம்பியால் ஈறைத் தொட்டார். தொட்ட இடமெல்லாம் ரத்தம். வருஷக்கணக்கான வெற்றிலை பாக்கு. அடுத்தது நான். எனக்கு எங்கும் ரத்தம் வரவில்லை.

“பொண்ணுக்கு ஈறும் ஆரோக்கியம், பல்லும் சரியான நீளம்,” என்றார் டாக்டர். “சிரிக்கும்போது மேலுதடு கொஞ்சம் கூடுதலா ஏறுது, அவ்வளவுதான். ஈறை வெட்டினா வேர் வெளியே வந்து பல்லு கூசும். சிரிப்பு மாறாது.”

அப்பா பத்திரிகையை நீட்டினார். அது ஈறு வளர்ந்து பல்லை மூடியிருப்பவர்களுக்கு என்றார் டாக்டர். அவர்களும் தாங்களாக ஆசைப்பட்டால்தான். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உனக்கு இது வேணும்னு தோணுதாம்மா?”

இத்தனை நாளில் என்னிடம் இதைக் கேட்ட முதல் ஆள். பெரிய பிரசங்கமே தயாராக இருந்தது. “இல்லை” என்பது மட்டும்தான் வந்தது.

“ஐயாவுக்குத்தான் அவசரம்,” என்றார் டாக்டர். “முதல்ல சுத்தம் பண்ணிடலாம். அப்புறம் ஒரு நாள் வந்தா ஈறைத் திறந்து சரிபண்ணித் தையல் போட்டுடலாம்.”

“சனிக்கிழமையே வெச்சுக்கலாங்க,” என்றாள் அம்மா. அப்பா வாயைத் திறப்பதற்குள்.

சனிக்கிழமை அப்பா தையலோடு வந்தார். ஈறு முழுக்க ரோஸ் நிறத்தில் ஏதோ பசை அப்பியிருந்தது. கஞ்சிதான் குடிக்க வேண்டும். பேச்சைக் குறைக்க வேண்டும். தலையைக் கூட அசைக்கப் பயந்து, சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு காலை வாசலில் ஜீப் வந்து நின்றது. ஆறுக்குட்டி, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா. இவர்களை யார் வரச் சொன்னது என்று கேட்கத்தான் அப்பா முயன்றார். “ம்ம்?” என்று வந்தது.

“நான்தானுங்க சொல்லிவிட்டேன்,” என்றாள் அம்மா, காபித் தட்டோடு.

நான் நன்றாகவே சிரித்தேன், மேலுதடு போகிற உயரம் வரைக்கும். மாப்பிள்ளை கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அவருக்கு ஈறு எப்படி என்று யாரும் கேட்கவுமில்லை.

அம்மாதான் பேசினாள். பெண் எம்.ஏ. முடிக்க வேண்டும், அதற்கு மேலும் படிக்க வேண்டும், வேலைக்குப் போன பிறகுதான் கல்யாணம் என்பது எங்க ஊட்டுக்காரர் முடிவு என்றாள். அதில் அவர் ரொம்பப் பிடிவாதமாம்.

“இல்லீங்களா?” என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பாவின் கண் இரண்டும் வெளியே வந்தன. “ம்ம்... ம்ம்...” என்று பெஞ்சைக் குத்தினார்.

“பாத்தீங்களா, எவ்வளவு உறுதின்னு,” என்றாள் அம்மா.

அத்தனை வருஷம் தங்களால் காத்திருக்க முடியாது என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டு அவர்கள் எழுந்தார்கள். ஜீப்பில் ஏறும்போது மாப்பிள்ளையின் அம்மா தன் மகனைப் பெருமூச்சோடு பார்த்துவிட்டு ஆறுக்குட்டியிடம் சொன்னார்:

“பொண்ணு போனா போகுதுங்க. பொஞ்சாதி பேசறதுக்கெல்லாம் இப்படி ‘ம்’ கொட்டற ஆம்பளைய நான் இதுவரைக்கும் பாத்ததில்லீங்க.”