தெருவுக்கு ஒரு ராக்கெட்

"ஒரே ஒரு ராக்கெட்டுங்க. அதுவும் குட்டி," என்று கண்ணாடித் தடுப்பின் ஓட்டைக்குள் பாதி முகத்தை நுழைத்துக் கெஞ்சினார் கொசுறு.

"குட்டியோ தாயோ, அந்தத் தெருவுல வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு ஏற்கனவே ஒருத்தருக்குப் பட்டாசு கொளுத்த அனுமதி குடுத்தாச்சு," என்றார் உள்ளே இருந்த எழுத்தர். "ஒரு தெருவுக்கு ஒரு நாளைக்கு ஒரே அனுமதி. இந்த வருஷம் வந்த விதி."

"அப்போ நேரத்தைப் பிரிச்சு ஆளுக்குப் பாதியாக் குடுத்துடுங்களேன்."

"இது என்ன உங்க கடைத் துணியா, கிழிச்சுக் குடுக்க?"

கொசுறு திரைச்சீலைக் கடைக்காரர். எதை வாங்கினாலும் விலையைக் குறைத்து, கூடவே ஏதாவது ஒன்றை இனாமாகக் கறந்துகொண்டுதான் இடத்தைக் காலி செய்வார் என்பதால் கடைவீதி வைத்த பெயர் அது. சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம், அந்தப் பழக்கத்தையே காரணம் காட்டி மனைவி வீட்டை விட்டுப் போனதில்தான்.

"கடையைப் பூட்டிட்டு ரெண்டு நாள் எங்கேயாவது போயிட்டு வரலாமாங்க?" என்று அவள் ஆசையாகத்தான் கேட்டாள்.

"ரெண்டு நாளா! அரை நாள்னு வச்சுக்கோயேன்," என்று இவர் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் ஒன்றரை என்பாள், ஒரு நாளில் முடிப்போம் என்று கணக்குப் போட்டு நின்றார். அவள் பேரம் பேசவில்லை. பெட்டியை எடுத்தாள்.

"பேரம் பேசாம எங்கிட்ட ஒரு வார்த்தை பேச வரும்போது சொல்லி அனுப்புங்க."

தூர தேசம் போயிருந்தாலாவது தூரத்தின் மேல் பழி போட்டு ஆறுதல் அடையலாம். அவள் போனது நேர் எதிர் வீட்டுக்கு. தங்கை வீடு. கொசுறு குடியிருந்த கடை மாடியிலிருந்து பார்த்தால் அவள் அறை ஜன்னல் கைக்கெட்டும் தூரம். ஆனால் அதில் தொங்கியது இவர் கடைத் திரைச்சீலை. "சகலை, இந்தத் துணியில வெளிச்சம் என்ன, நிழல்கூடத் தெரியாது," என்று சத்தியம் செய்து இவரே தலையில் கட்டியது. தினமும் சாயங்காலம் மாடியில் நின்று, அவள் நிழலாவது தெரியாதா என்று கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார். தெரியாது. பிழைப்பில் ஒரே ஒருமுறை நல்ல சரக்கைக் கொடுத்திருந்தார். அது இப்படி வந்து முடிந்தது.

ராக்கெட் கதை இவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பட்டாசு வாங்கியபோது இவர் இனாம் கேட்டுப் பிடுங்கிய பிடுங்கலில், ஆளை விட்டால் போதும் என்று கடைக்காரர் ஒரு ராக்கெட்டைத் தூக்கிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் இவர் கொளுத்தினார். புது மனைவி காதை இறுகப் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் அகலத் திறந்து அண்ணாந்து பார்த்தாள். அதுமுதல் வருஷா வருஷம் அதே தேதியில் ஒரு ராக்கெட். இவர் கொளுத்துவார், அவள் காதைப் பொத்துவாள். இந்த வருஷம் அந்தத் தேதி வெள்ளிக்கிழமை. பேரம் இல்லாமல் பேச இவருக்கு வாய் வராது. ராக்கெட் பேசட்டும் என்றுதான் வந்திருந்தார்.

"அந்த அனுமதி யாருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நான் பேசிக்கிறேன்."

"சொல்லக் கூடாது. ஆட்சேபம் இருந்தா எழுதிக் குடுங்க. அடுத்த ஆளு!"

சொல்லாவிட்டால் என்ன? தெரு முனையில் பல் டாக்டர் ஒருவர் புது ஆஸ்பத்திரி திறக்கிறார். திறப்பு விழா வெள்ளிக்கிழமை. வேறு யாராக இருக்க முடியும்? கொசுறு நேரே அங்கே போனார்.

"டாக்டர், வெள்ளிக்கிழமை சாயங்காலத்தை எனக்கு விட்டுக் குடுத்துடுங்க."

டாக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விழா காலையிலேயே முடிந்துவிடும். சாயங்காலம் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனால் அவரும் கடைவீதியில் வளர்ந்தவர்.

"விட்டுக் குடுக்கலாம்," என்று தாடையைத் தடவினார். "ஜன்னலெல்லாம் மொட்டையா இருக்கேன்னுதான் யோசனை."

"மூணு ஜன்னலுக்கு நான் துணி போட்டுத் தர்றேன்."

"எல்லா ஜன்னலுக்கும்."

கொசுறு பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார்.

"கொசுறா, வாசலுக்கும் ஒண்ணு?" என்றார் டாக்டர்.

தன் பெயரைத் தனக்கே திருப்பி விற்கிறார்கள் என்று புரிந்தது. அவள் முகத்தை நினைத்துக்கொண்டு அதையும் கொடுத்தார். துணியெல்லாம் மாட்டி முடித்த கையோடு அலுவலகத்துக்கு ஓடினார்.

"டாக்டர் விட்டுக் குடுத்துட்டாருங்க!"

"எந்த டாக்டர்? அனுமதி வாங்கினதுல டாக்டரே கிடையாதே," என்றார் எழுத்தர்.

போன வேகத்தில் திரும்பி வந்தவரை டாக்டர் சிரித்த முகமாக வரவேற்றார். "சாயங்காலத்தைக் கேட்டீங்க, குடுத்தேன். அதுக்குள்ள பட்டாசு இருக்குன்னு நான் சொன்னேனா?"

தோற்ற வியாபாரிக்கு வரும் கோபம் பொல்லாதது. எனக்குக் கிடைக்காத சாயங்காலம் எவனுக்கும் வேண்டாம் என்று ஆட்சேபம் எழுதினார். 'இத்தெருவில் பட்டாசு கூடாது. துணிக்கடை உள்ளது. இதயம் பலவீனமானவர்களும் உள்ளனர்.'

"யாருக்குங்க இதயம் பலவீனம்?" என்றார் எழுத்தர்.

"எனக்குத்தான்."

அந்த ஒன்று மட்டும் வெறும் சாக்கு இல்லை.

மறுநாளே அதிகாரி வந்தார். கடையைச் சுற்றிப் பார்த்தார். தரையிலிருந்து கூரை வரை துணி. "நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி," என்று கொசுறின் முதுகில் தட்டிக் கொடுத்தார். "இந்தக் கட்டடத்துல இனிமே தீக்குச்சிகூட உரசக் கூடாது, மொட்டை மாடி உள்பட. அந்த இன்னொருத்தர் அனுமதியை ரத்து பண்ண முடியாது. ஆனா அஞ்சாறு நிபந்தனை போட்டு இறுக்கிடறேன். தீயணைப்பு ஆளு ஒருத்தர் பக்கத்துலயே நிப்பார்." போகும்போது தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தது. முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த ராக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கொளுத்த வழியில்லாமல் மாடியில் நின்றார் கொசுறு. அதன் வால் குச்சியை விரலால் நீவினார். ரெண்டு நாள் கேட்டாள். ரெண்டு வருஷம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல என்ன செலவு? எதிர் ஜன்னலில் திரைச்சீலை அசையவே இல்லை.

தெருவில் சிவப்பு ஜீப் ஒன்று நுழைந்தது. கொசுறு பதறிப்போய் ராக்கெட்டைச் சட்டைக்குள் செருகினார். ஜீப் இவரிடம் வரவில்லை. எதிர் வீட்டு வாசலில் நின்றது. வாளியும் கையுமாக ஒரு தீயணைப்புக்காரர் இறங்கி உள்ளே போனார்.

ஆக, அனுமதி சகலைக்கு! என்னத்தைக் கொண்டாடுகிறான்? அவள் என்னை விட்டுத் தொலைந்ததையா? அதுவும் இதே தேதியிலா? எழுதிய இரண்டு காரணத்தில் இரண்டாவது இப்போது நிஜமாகவே வலித்தது.

எதிர் மாடியில் யாரோ வந்து நிற்பது இருட்டில் மங்கலாகத் தெரிந்தது. யாரென்று புலப்படும் முன்பே தீயணைப்புக்காரர் வெளியே வந்து, தெருவைக் கடந்து, இவர் மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்தார்.

கொசுறு இரண்டு கையையும் தூக்கினார். சட்டைக்குள்ளிருந்து ராக்கெட்டின் வால் எட்டிப் பார்த்தது. "சத்தியமா நான் எதையும் கொளுத்தலைங்க! எங்கிட்ட தீப்பெட்டிகூட இல்லை!"

"அதான் சார் சிக்கலே!" என்றார் அவர், மூச்சு வாங்கியபடி. "எதிர் மாடியில அனுமதி வாங்கின அந்தம்மா காதைப் பொத்திக்கிட்டுத் தயாரா நிக்கிறாங்க, கொளுத்தற ஆளு இங்கதான் இருக்காருன்னு சொன்னாங்க, எவனோ ஆட்சேபம் எழுதிப் போட்டதுல பத்தே நிமிஷந்தான் குடுத்திருக்கோம், பேரம் பேசாம வர்றீங்களா?"