பத்து மணிக்கும் பத்தரைக்கும் இடையில் ஒரு வளவு

எங்கள் காணி மீளளிப்பு இணைப்பு அலுவலகம் சென்ற சித்திரை முதல் கடதாசி இல்லாத அலுவலகமாக மாறிற்று. அதற்கென வந்திறங்கிய சேவையகம் என்னும் கணினிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, பணிப்பாளர் சிவகரன் அவர்கள் விசையை அழுத்தினார். அந்த நிகழ்வின் படங்களை அச்சடித்து வைக்க நாலு பெரிய கோவைகள் வாங்கினோம்.

இனி விசாரணைக்கு நேரம் குறிப்பதும், ஆட்களுக்கு அழைப்பு அனுப்புவதும், வந்தார்களா என்று பதிவதும் அந்தக் கணினியின் பொறுப்பு. மூன்று முறை வராதவரின் கோவை மூடப்படும். காணி ‘உரிமை கோரப்படாதவை’ பட்டியலில் சேரும்.

குணலட்சுமி அக்கா காங்கேசன்துறைக் கரையில் இருக்கும் தன் இரண்டு பரப்பு வீட்டு வளவுக்காக வந்தவ. முப்பது வருடம் இராணுவத்தின் முட்கம்பிக்குள் கிடந்து, போன வருடம்தான் விடுபட்ட வளவு. முதல் விசாரணை பத்து மணிக்கு. அவ பத்தரைக்கு வந்து நின்றா.

“பத்தேகாலுக்கே மூடியாச்சு அக்கா,” என்றேன்.

“உங்கடை கந்தோர்தான் தம்பி அனுப்பினது. பத்தரை எண்டு கிடக்கு, பாரும்.”

அவவின் போனைப் பார்த்தேன். பத்தரை என்றுதான் கிடந்தது. என் திரையில் பத்து.

“நான் இந்தா நிக்கிறன்தானே?”

“நிக்கிறியள் அக்கா. ஆனா வரேல்லை.”

திரையில் அப்படித்தான் இருந்தது. நான் அதை வாசித்தேன், அவ்வளவே.

கணினிகளைப் பார்க்கும் ஒப்பந்தக்காரர் நிருஷனைக் கூப்பிட்டோம். சற்று நேரம் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அண்ணை, தொண்ணூற்றாறிலை அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினதெல்லே? இரண்டாயிரத்தாறிலை திருப்பியும் எடுத்தது. இதுக்குள்ளை ஆரோ அந்த நடுவிலை கிடந்த நேரத்தைப் போட்டிருக்கினம். நீங்கள் பத்து எண்டு அடிச்சால் வெளியாலை பத்தரை எண்டு போகுது. திருத்த ஐஞ்சு நிமிசம் காணும்.”

அந்தப் பத்து வருடங்களும் இங்கே கோயிலுக்கு ஒரு நேரம், கந்தோருக்கு ஒரு நேரம். ‘பழைய நேரமோ, புதிய நேரமோ?’ என்று கேட்காமல் கலியாண வீட்டுக்குப் புறப்பட முடியாது. அப்படிப் பழகியவர்கள் என்பதாலோ என்னவோ, நாங்கள் ஒருவரும் திடுக்கிடவில்லை. பணிப்பாளர் தலையை மட்டும் ஆட்டினார்.

“நேரத்தை மாத்திறது கொள்கை விசயம். ஐஞ்சு நிமிசத்திலை செய்யேலாது. குழு வேணும்.”

நேரத் திருத்த ஆலோசனைக் குழு அமைந்தது. பாதிப்பேர் நாங்கள், பாதிப்பேர் வேறு அலுவலகங்களைச் சேர்ந்தவர்கள். அழைப்பைச் சேவையகமே அனுப்பியது. நாங்கள் பத்து மணிக்குக் கூடி, பத்தேகால் வரை பார்த்துவிட்டு, ‘போதிய உறுப்பினர் இன்மையால் ஒத்திவைக்கப்பட்டது’ என்று அறிக்கை எழுதிக் கலைந்தோம். வெளியார் பத்தரைக்கு வந்து தேத்தண்ணி குடித்து, அதே வசனத்தைத் தாங்களும் எழுதிவிட்டுப் போனார்கள். இப்படி ஐந்து கூட்டங்களுக்குப் பத்து அறிக்கைகள்.

“சேர், வெளியாருக்குப் போனிலை ஒரு கோல் எடுத்துச் சொல்லுவமே?” என்று கேட்டேன்.

“கோலுக்குப் பதிவு இருக்கே? உம்மடை சேவைக் காலத்துக்கு நீர் உப்பிடிக் கேக்கலாமோ?”

இடைக்கால நிவாரணமாக, சுவர் மணிக்கூட்டை அரை மணி முன்னுக்குத் தள்ளப் பணித்தார். இனி அழைப்பில் என்ன நேரமோ, சுவரிலும் அதே நேரம். இரண்டாவது விசாரணைக்கு அக்கா வந்தபோது சுவரில் பதினொரு மணி.

“பத்தரைக்கு உங்கடை பேரைக் கூப்பிட்டாச்சு அம்மா,” என்றார் பணிப்பாளர்.

“என்ரை போனிலை இப்பதானே ஐயா பத்தரை?”

“அது உங்கடை சொந்த நேரம்.”

அவவை வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். “அடுத்தமுறை என்ன நேரம் வந்தாலும் காலமை எட்டு மணிக்கே வந்திருங்கோ அக்கா,” என்று காதோடு சொன்னேன். விதியை மீறி நான் செய்த ஒரே நன்மை அது. இரண்டு கிழமை அதை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் முறை அவ எட்டு மணிக்கே வந்து வாசல் வாங்குப் பலகையில் இருந்தா. சரியாகப் பத்துக்கு உள்ளே கூப்பிட்டேன். விசாரணைக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. பணிப்பாளர் அடுத்த அறையில், குழுவின் ஆறாவது கூட்டத்தில். கதவைத் தட்டினேன். வராத உறுப்பினர்களுக்காகக் காத்திருந்தவர், பொறு என்று கையால் காட்டினார்.

பத்தேகாலுக்குத் திரை என்னைக் கேட்டது. இரண்டு பொத்தான்கள். ‘விசாரணை முடிந்தது’ என்பதற்குப் பணிப்பாளரின் கைரேகை வேண்டும். மற்றது ‘விண்ணப்பதாரி சமுகமளிக்கவில்லை’. அதிகாரி சமுகமளிக்கவில்லை என்றொரு பொத்தான் இல்லை.

“நான் வந்ததை நீர் கண்டனீர்தானே தம்பி?”

“கண்டனான் அக்கா.”

“அப்ப அதை எழுதுமன்.”

“எழுத இடம் இல்லை.”

அழுத்தினேன். கோவை மூடிக்கொண்டது. “இருங்கோ, சேரோடை கதைச்சுப் பாக்கிறன்,” என்று அவவை வாங்கில் இருத்திவிட்டு, குழுவுக்கு நானே செயலாளர் என்பதால் கூட்டத்துக்குப் போனேன்.

அன்று பணிப்பாளர் பிடிவாதமாகப் பத்தரை வரை இருந்தார். வெளியாரும் வந்தார்கள். முதன்முறையாகக் குழு முழுமையாகக் கூடியது. எல்லோரும் கைதட்டினோம்.

“பொதுமக்களிட்டை இருந்து எத்தினை முறைப்பாடு?” என்று வெளியார் ஒருவர் கேட்டார்.

“ஒண்டும் இல்லை,” என்றேன். உண்மைதான். கோவை திறந்திருப்பவர்தான் முறையிடலாம்.

“திருத்தினால் சுவர் மணிக்கூட்டையும் பின்னுக்குத் தள்ளவேணும்,” என்றார் பணிப்பாளர். “பிறகு கந்தோர் விடுற நேரம் நாலேகால் எண்டால் நாலேகால்தான்.”

காலையில் எல்லோரும் போனைப் பார்த்து வருகிறோம், பின்னேரம் சுவரைப் பார்த்துப் போகிறோம். வெளியாரும் இதை நல்ல நடைமுறை என்று கண்டு தங்கள் சுவர்களிலும் கைக்கொண்டிருந்தார்கள். மகளை ரியூசன் வகுப்புக்கு ஏற்றிப் போக எனக்கும் அந்த அரை மணி தேவையாயிருந்தது.

“இருக்கிறபடியே இருக்கட்டும் எண்டிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ.”

ஒன்பது கைகள் உயர்ந்தன. அந்த நேரம் கதவைத் திறந்து அக்கா எட்டிப் பார்த்தா. உயர்ந்து நின்ற கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தா.

“என்ரை வளவுக்காகவோ தம்பி கையைத் தூக்கி நிக்கிறியள்?”

அவ கண் கலங்கி, எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டா.

எண்ணி முடியும் வரை நான் கையை இறக்கவில்லை.