ரேஞ்ச் அண்ணனும் சுக்குக் குடோனும்

கொச்சியில் செல்போன் என்ற பொருளை யாரும் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே "இங்க ரேஞ்ச் இல்ல" என்று கவலைப்பட்ட ஒரே மனிதர் எங்கள் ரேஞ்ச் அண்ணன்தான். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. வருகைப் பதிவேட்டில் தினமும் நான் பார்ப்பேன். ஆனால் எங்கள் பகுதியான மட்டாஞ்சேரியில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் மனைவியே "அது யாரு?" என்று கேட்டிருப்பார். தமிழ்க் குடும்பங்களுக்கு அவர் ரேஞ்ச் அண்ணன், மலையாளிகளுக்கு ரேஞ்ச் சேட்டன்.

அவர் தீயணைப்பு நிலையத்தில் ஃபயர்மேன். நான் அதே ஸ்டேஷனில் கிளார்க். எங்கள் இரண்டு பேருடைய அப்பாக்களும் கார்ப்பரேஷனில் வேலை பார்த்த தமிழர்கள். அந்த ஒரு சம்பந்தத்தை வைத்து என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். அதே சம்பந்தத்தை வைத்துக்கொண்டு இருபது வருடம் என் பிராணனையும் வாங்கினார்.

ஸ்டேஷனில் கையில் பிடித்துப் பேசுகிற வயர்லெஸ் செட்டுகள் சில இருந்தன. ஒவ்வொன்றும் செங்கல் கனம். மற்றவர்கள் தீப்பிடித்தால் அதை எடுப்பார்கள், இவர் தீப்பிடிக்காத நாளிலும் எடுப்பார். ஊரில் எந்த மூலையில் நின்றால் குரல் ஸ்டேஷனுக்கு வருகிறது, எங்கே செத்துப்போகிறது என்று பார்ப்பதுதான் அவருக்கு முழுநேர வேலை, தீயணைப்பது உபரி. ஸ்டேஷனின் பெரிய செட்டு என் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆபரேட்டர் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து அது கரகரக்கும்.

"தங்கச்சி, கேக்குதா?"

"கேக்குது. எங்க நிக்கிறீங்க?"

"படகு ஜெட்டியில. இப்ப ரெண்டு எட்டு வச்சு மீன்காரம்மா பக்கத்துல வர்றேன். கேக்குதா?"

"கேக்குது."

"மீன்காரம்மாவைத் தாண்டிட்டேன். இப்போ?"

அதற்கப்புறம் வெறும் இரைச்சல்தான் வரும். நான் செட்டைப் பார்த்து நாலு வார்த்தை திட்டிவிட்டு ஃபைலுக்குத் திரும்புவேன். அவர் அங்கே ஒரு பழைய காலண்டர் தாளை விரிப்பார். அதன் பின்பக்கம் மட்டாஞ்சேரியின் சந்து பொந்தெல்லாம் கையாலேயே வரைந்து வைத்திருந்தார். மீன்காரம்மாவுக்கு அடுத்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி விழும். இதற்காக ஸ்டேஷன் ஆபீசர் இரண்டு முறை மெமோ கொடுத்தார். இரண்டு முறையும் அண்ணன் பதில் கடிதத்தோடு அந்த வரைபடத்தின் நகலை இணைத்துக் கொடுத்தார்.

முடிவெட்டும் கடையில் உட்கார்ந்திருப்பார். பாதித் தலை ஆகியிருக்கும்போது எழுந்து வாசலுக்குப் போய், "தங்கச்சி, கேக்குதா?" என்பார். கடைக்காரர் கத்தரிக்கோலோடு பின்னாலேயே வந்து நிற்பார். ஒரு கல்யாணத்தில் அட்சதை போட்டு ஆசீர்வாதம் பண்ணிய கையோடு பெண்ணின் அப்பாவிடம் சொன்னார், "மண்டபம் ஜோரா இருக்கு. சமையல்கட்டுலதான் சுத்தமா ரேஞ்ச் இல்ல. சிலிண்டர் வெடிச்சா எங்களுக்குத் தெரியவே தெரியாது." பாவம், அந்த மனிதர் அன்று பந்தி பக்கமே வரவில்லை. சமையல்கட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க வைப்பின் தீவுக்குப் போனபோதும் செட்டு இடுப்பில்தான். கொடுத்த சாயாவைக் குடிக்காமல் மாடி, கொல்லை எல்லாம் சுற்றி வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அக்கா, அதாவது அவர் மனைவி, ஆசையாகக் கேட்டிருக்கிறார், "பையன் எப்படி?" இவர் சொன்ன பதில், "மாடியில நல்லா வருது. கொல்லையிலதான் கொஞ்சம் மோசம்." கல்யாணம் நடந்தது, பேரன் பேத்தி பிறந்தார்கள். கொல்லையில் மட்டும் அவர்களை விளையாட விடமாட்டார்.

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். ஸ்டேஷனே சிரித்தது. எனக்கு மட்டும் அந்த உரிமை கிடையாது. ஏனென்றால் இந்தப் பைத்தியம் தொடங்கியதே என் கையெழுத்தில்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு மத்தியானம் பஜார் தெருவில் ஒரு சுக்குக் குடோனில் தீ என்று வண்டி போயிருந்தது. ஆபரேட்டருக்குப் பசி. "சும்மா இது பக்கத்துல உக்காரு, எதாவது வந்தா எழுது" என்று ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். நானும் உட்கார்ந்திருந்தேன். செட்டு இரைந்துகொண்டே இருந்ததே தவிர மனுஷக் குரல் எதுவும் வரவில்லை. அவர் திரும்பி வருவதற்குள் கடமை தவறாமல் ஒரு வரி எழுதி வைத்தேன். எனக்குத் தமிழைவிட மலையாளம்தான் கைவரும். மலையாளத்தில் குண்டு குண்டாக எழுதியதைத் தமிழில் சொன்னால், "இடையில் செய்தி எதுவும் இல்லை."

அந்த இடையில் ரேஞ்ச் அண்ணன் குடோனுக்குள் இருந்தார். ஆள் யாரும் மாட்டியிருக்கிறார்களா என்று பார்க்க உள்ளே போனவருக்குப் புகையில் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. செட்டில் கூப்பிட்டிருக்கிறார். வண்டியில் இருந்தவர்களுக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. கடைசியில் எலிக்காக வளர்த்த குடோன் பூனை ஒன்று அவர் கையை மிதித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அது போன பக்கமே தவழ்ந்து வெளியே வந்துவிட்டார். வந்தபோது இரண்டு புருவமும் இல்லை. அப்புறம் அவை சரியாக முளைக்கவும் இல்லை. யார் என்ன சொன்னாலும் நம்பாதவர் மாதிரி ஒரு முகம் அவருக்கு நிரந்தரமாகிவிட்டது.

ஸ்டேஷனுக்கு வந்து சாயா குடித்துக்கொண்டே அந்த ரிஜிஸ்டரைப் படித்தார்.

"எழுதினது சரிதான் தங்கச்சி" என்றார். "உனக்கு வரலியே. பின்னே என்ன எழுதுவே?"

மறுநாளிலிருந்து ஆரம்பித்ததுதான் அந்த "தங்கச்சி, கேக்குதா?" அன்று உள்ளேயிருந்து எத்தனை தடவை கூப்பிட்டார் என்று அவர் என்னிடம் சொன்னதே இல்லை. அக்காதான் ஒரு நாள் கறிவேப்பிலை உருவிக்கொண்டே சொன்னார், பதினோரு தடவையாம். அதற்குப் பிறகு நான் திட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் திட்டிக்கொண்டாவது பதில் சொல்லாமல் ஒரு நாளும் இருந்ததில்லை.

அந்தத் தீயிலிருந்து அவர் கண்டுபிடித்த விஞ்ஞான உண்மை ஒன்று உண்டு. சுக்கு சிக்னலைத் தின்னும். மிளகு அவ்வளவாகத் தின்னாது, ஏலக்காய் தொடவே தொடாது, சுக்குதான் பகாசுரன். இதை நிரூபிக்க வீட்டில் செட்டைச் சுக்கு மூட்டைக்குள் புதைத்துப் பார்த்து, அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து ஒரு சர்க்குலர் வந்தது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் மட்டுமாகத் தனி வயர்லெஸ் பிராட்பேண்ட் போடத் திட்டம். திருவிழாக் கூட்டம் மொத்தமும் செல்போனில் பேசினாலும் இதில் நெரிசல் வராது. குரல் மட்டும் இல்லை, தீப்பிடித்த இடத்தின் படமே ஸ்டேஷனுக்கு வந்துவிடும். ரேஞ்ச் அண்ணன் அதை மூன்று தடவை படித்துவிட்டு ஸ்டேஷனில் எல்லாருக்கும் பழம்பொரி என்ற வாழைப்பழ பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

"நமக்குன்னு தனியா ஒரு வழி, தங்கச்சி" என்றார். "வேற ஒருத்தனும் உள்ள வரமாட்டான்."

எங்கே டவர் வேண்டும், எங்கே வேண்டாம் என்று அளக்க ஒரு கம்பெனி வந்தது. அதன் எஞ்ஜினீயர் கோயம்புத்தூர்க்காரர், நல்ல பையன், வெள்ளைச் சட்டை கசங்காமல் வருவார். அவர்கள் மட்டாஞ்சேரியை அளக்கத் தேர்ந்தெடுத்த நாள்தான் விசேஷம். அன்று ஹர்த்தால்.

ஹர்த்தால் என்றால் கேரளத்தில் கடை கிடையாது, பஸ் கிடையாது, லாரி கிடையாது. எங்கள் தெருக்களில் ஆடுகள் மட்டும் நடுரோட்டில் படுத்திருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய சௌகரியமாகப் பட்டிருக்கிறது. கண்ணாடியில் 'அவசரப் பணி' என்று ஒட்டிக்கொண்டு, காரின் மேலே கம்பியை நட்டுக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊரையே அளந்துவிட்டார்கள். சாதாரண நாளில் அந்தக் கார் பஜார் தெருவில் முதல் லாரியைத் தாண்டவே சாயங்காலம் ஆகும்.

அடுத்த வாரம் எஞ்ஜினீயர் அறிக்கையில் ஸ்டேஷன் கையெழுத்து வாங்க வந்தார். "மட்டாஞ்சேரி பூராவும் பச்சைங்க. காயலுக்கு அக்கரையில இருக்கற டவரே போதும். இங்க தனியா எதுவும் வேண்டியதில்லீங்க."

"குடோனுக்கு உள்ள பார்த்தீங்களா சாரே?" என்று ரேஞ்ச் அண்ணன் கேட்டார்.

"எல்லாம் பூட்டியிருந்துதுங்களே."

"பின்னே தீ ரோட்டுலயா பிடிக்கும்? உள்ள சுக்கு இருக்கு சாரே. அது சிக்னலைத் தின்னும்."

எஞ்ஜினீயர் சிரித்துவிட்டார். "சுக்கு காப்பிக்கு ஆகும்ங்கண்ணா. சிக்னலை ஒண்ணும் பண்ணாது. சுவரு வேணா தடுக்கும். அதையும் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தாச்சுங்க."

அறிக்கை வெள்ளிக்கிழமை மேலே போகிறது. போய்விட்டால் மட்டாஞ்சேரி திட்டத்தில் இல்லை, அவ்வளவுதான். குடோனுக்குள் போகிற அடுத்த ஃபயர்மேனும் பூனையைத்தான் நம்ப வேண்டும். மெமோவுக்கே அசையாத மனிதர் அந்தச் சின்னப் பையன் முன்னால் கையைக் கூப்பினார். "ஒரே ஒரு தடவை உள்ள வந்து பாருங்க சாரே. அப்புறம் நீங்க சொல்றதுதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை, நல்ல வேலை நேரம். எஞ்ஜினீயர் சோதனைக் கருவியோடு அதே சுக்குக் குடோனுக்குள் போனார். அதன் இன்னொரு முனை, ஒரு கம்ப்யூட்டர், என் மேஜையில். வாசல் வரை படம் அழகாக வந்தது. "பாருங்க மேடம், எவ்வளவு தெளிவா..." என்று சொல்லிக்கொண்டே உள்ளே நடந்தார். திறந்த வாயோடு படம் அப்படியே நின்றுவிட்டது.

அங்கே நடந்ததைப் பிறகு சொன்னார்கள். அவர் பின்கட்டுக்குப் போன நேரத்தில் ஒரு லாரி ரிவர்ஸில் வந்து வாசலில் ஒட்டி நின்றது. சுமட்டுக்காரர்கள் மளமளவென்று மூட்டைகளை இறக்கி வாசலிலேயே அடுக்கினார்கள். பாதி அடுக்கியிருக்கும்போது அவர்களுடைய சாயா நேரம் வந்துவிட்டது. மட்டாஞ்சேரியில் கப்பலே வந்து காத்து நின்றாலும் சாயா நேரத்தில் ஒரு மூட்டை நகராது. உள்ளே இருந்து எஞ்ஜினீயர் கத்தினார். "சாயா குடிச்சிட்டு எடுக்கறோம் சாரே" என்று வெளியே இருந்து மரியாதையாகப் பதில் போயிற்று. மேல் ஜன்னல் வழியாகக் காற்றுக்குக் குறைவில்லை. சுக்குத் தூசிக்கும் குறைவில்லை. அவர் போட்ட தும்மல் ஜெட்டி வரை கேட்டதாம். "தும்மலுக்கு நல்ல ரேஞ்ச் இருக்கு" என்றாராம் வெளியே நின்ற ரேஞ்ச் அண்ணன்.

நீங்கள்தான் ஆள் வைத்துச் செய்தீர்களா என்று பின்னால் கேட்டேன். "சாயா நேரம் அவங்களோடது தங்கச்சி, என்னோடதா?" என்றார். அந்தப் புருவமில்லாத முகத்தை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. என் எதிரில் திறந்த வாய் ஒன்று அசையாமல் நின்றது. அங்கே தீ இல்லை என்று தெரியும். இருந்தாலும் ரிஜிஸ்டரைத் திறந்தேன். எழுத வேண்டியது ஒன்றுதான் இருந்தது. எழுதினேன்.

எஞ்ஜினீயர் உடம்பெல்லாம் தூசியும் கண்ணெல்லாம் தண்ணீருமாக ஸ்டேஷனுக்கு வந்தார். பின்னால் ரேஞ்ச் அண்ணன். "ஏனுங்க மேடம், அத்தனை தடவை கூப்பிட்டேனே, ஒண்ணுகூடவா வரலீங்க?"

நான் ரிஜிஸ்டரை அவர் பக்கம் திருப்பினேன். பீரோவிலிருந்து ஒரு பழைய ரிஜிஸ்டரையும் எடுத்து வந்து, தேடாமலே பக்கத்தைத் திறந்து அருகில் வைத்தேன். அவருக்கு மலையாளம் தெரியாது. ஆனால் இரண்டும் ஒரே கையெழுத்து, ஒரே வரி என்பது தெரிந்தது. வாசித்துச் சொன்னேன்.

"இது இன்னைக்கு, உள்ள நீங்க. இது அன்னைக்கு, உள்ள இவர். நீங்க தும்மினீங்க சார். இவர் எரிஞ்சுக்கிட்டிருந்த குடோன்ல பதினோரு தடவை கூப்பிட்டார். நான் இங்க உக்காந்து இதை எழுதினேன்."

ரேஞ்ச் அண்ணன் சட்டென்று என்னைப் பார்த்தார். எண்ணிக்கை எனக்குத் தெரியும் என்பது அவருக்கு அன்றுதான் தெரியும். எஞ்ஜினீயர் அவர் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தும்மல் போட்டார். பிறகு கையை நீட்டி, "அந்தக் காலண்டர் மேப்பைக் கொஞ்சம் குடுங்கண்ணா" என்றார்.

வெள்ளிக்கிழமை போன அறிக்கையில் மட்டாஞ்சேரிக்குத் தனியாக ஒரு டவர் புள்ளி இருந்தது. காரணம், கட்டடங்களின் தடித்த சுவர் என்று எழுதியிருந்தார். சுக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதில் ரேஞ்ச் அண்ணனுக்குக் கடைசி வரை வருத்தம்தான்.

திட்டம் ஃபைலாகி, ஃபைல் பல மழைக்காலம் பார்த்து, டவரும் எழும்பி, சோதனைக்கென்று கருவிகளின் முதல் பெட்டி வந்து இறங்கியபோது அவர் ரிட்டயராக இன்னும் ஒரு வாரம்தான். யாரையும் கேட்காமல் கருவியை எடுத்துக்கொண்டு சுக்குக் குடோனுக்குப் போய்விட்டார். பின்கட்டில், அந்தப் பழைய மூலைக்கே. என் மேஜையில் படம் வந்தது. மூட்டைகள், ஒரு பூனை வால், அப்புறம் அவர் முகம்.

"தங்கச்சி, கேக்குதா?"

"கேக்குது."

"கேக்குதா?"

"கேக்குதுன்னு சொல்றேன்ல. காது எனக்கு நல்லாத்தான் இருக்கு."

"கேக்குதா, தங்கச்சி?"

மூன்றாவது தடவைதான் அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு உறைத்தது. அதற்கப்புறம் நான் திட்டவில்லை. "கேக்குது அண்ணே" என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொன்னேன். பதினொன்று முடிந்ததும், "சரி, சாயா குடிக்கப் போறேன்" என்று வைத்துவிட்டார்.

ரிஜிஸ்டரில் ஒரு வரி எழுதினால் போதும். நான் பதினோரு வரி எழுதினேன்.