லெச்சுமி அக்கா பெரட்டு

உலகத்தில் உள்ள சகலமும் ஒரு பஸ் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் போர்டு அண்ணன்தான். கல்யாணம் ஒரு பஸ், பரீட்சை ஒரு பஸ், யூடியூப்பில் போடும் வீடியோவும் ஒரு பஸ். ஏறுகிறவனுக்கு அது எங்கே போகிறது என்று முன்னால் போர்டில் எழுதியிருக்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய சித்தாந்தம்.

ஹட்டன் – நல்லதண்ணி தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். பக்தர்கள் மலைக்கு யாத்திரை போகும் சீசன் முடிந்து பஸ்ஸில் ஆள் குறைந்ததும், நான் வேலை பார்க்கும் போன் கடையில் வந்து உட்கார்ந்துவிடுவார். கடைக்கு வருகிறவர்கள் போடும் வீடியோக்களுக்கெல்லாம் தலைப்பு வைப்பார். யாரும் கேட்டதில்லை. அதை அவர் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

யாழ்ப்பாணத்துக் கணக்கு டீச்சர் ஒருவர் ‘கணிதம் ஓர் இன்பக் கடல்’ என்று ஒரு பாடம் போட்டிருந்தார். கடல் பக்கம் ஒரு பிள்ளையும் போகவில்லை. அண்ணன் அதை ‘பின்னக் கணக்கு – ஓ.எல். பரீட்சை வரை மட்டும், மேல்வகுப்பு ஏ.எல். பிள்ளைகள் ஏற வேண்டாம்’ என்று மாற்றிவிட்டார். பிள்ளைகள் ஃபுட்போர்டில் தொங்காத குறை. அந்தத் தெம்பில் ஒரு கல்யாண வீடியோவுக்கு ‘தாலி கட்டு – பந்திச் சண்டை ஊடாக – பெண் அழைப்பு’ என்று போர்டு மாட்டினார். சண்டை போட்டவர் பெண்ணின் தாய்மாமன். கொஞ்ச நாள் அண்ணன் எங்கள் கடைக்குப் பின்வாசல் வழியாகத்தான் வந்தார்.

நான் வைக்கும் தலைப்புகளின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘உலகமே உறைந்த தருணம்! கடைசி வரை பாருங்கள்!’ உள்ளே எங்கள் வீட்டுப் பூனை கொட்டாவி விடும். கடைசி வரை பார்த்தவன் நான் ஒருவன்தான். பூனையே பாதியில் எழுந்து போய்விட்டது.

இப்படிப்பட்ட என்னை நம்பித்தான் அப்பா ஒரு காரியத்தை ஒப்படைத்தார். அவருடைய அக்கா, அதாவது என் அத்தை, தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிய ஒப்பந்தக் காலத்தில் புருஷன் குடும்பத்தோடு போனவர். அப்பா, தான் பிறந்த தேயிலைத் தோட்டத்தை விட்டு ஹட்டன் பக்கம் வந்ததும் கடிதம் நின்றுபோனது. உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. “அந்த வீடியோவுல தேடிப் பாரேன்டா” என்றார் அப்பா.

அவர் பிறந்த தோட்டம் இருக்கும் உடப்புசல்லாவைக்கு அவரைக் கூட்டிப் போனேன். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நிற்க வைத்துப் பேசச் சொன்னேன். அக்கா தினமும் பெரட்டுக்குப் பிந்தி வந்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் ஏச்சு வாங்கியதைச் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர், முடிக்கும்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ‘கல் நெஞ்சையும் கரைக்கும் பாசப் போராட்டம்!’ என்று நான் தலைப்பு எழுதினேன்.

“கல் நெஞ்சுன்னு பஸ் நிக்கிற ஹோல்ட் ஒண்ணு இருக்கா தம்பி?” என்றார் போர்டு அண்ணன்.

“இல்லண்ணே.”

“இல்லாத ஹோல்டுக்கு எவன் ஏறுவான்?” என்று போனைப் பிடுங்கினார். அத்தை பேரைக் கேட்டார், அப்பா நின்ற இடத்தைக் கேட்டார், ஊரைக் கேட்டார். ‘லெச்சுமி அக்கா பெரட்டு – உடப்புசல்லாவை’ என்று தட்டிப் போட்டுவிட்டார்.

கூட்டம் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்தது. அங்கே பெரட்டு என்றால் கறியை மசாலாவில் பெரட்டி எடுப்பது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. கோழியா, ஆட்டுக்குடலா என்று கேட்டார்கள். அடுப்பையே காணோமே என்று ஏசினார்கள். பெரியவர் கண்ணில் தண்ணீர் வருகிறது, வெங்காயம் எப்போது வரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். அதை மட்டும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

அண்ணனிடம் சண்டைக்குப் போனேன். அவர் உண்மையாகவே குழம்பிப்போனார்.

“பெரட்டுன்னா பெரட்டுதானே? அங்க உள்ளவங்க பெரட்டுக்குப் போகாம எப்பிடி வேலைக்குப் போறாங்க?”

தலைப்பை மாற்றப் போனேன். விடவில்லை. “ஓடுற பஸ்ஸுல போர்ட கழட்டக் கூடாது. ஆளுங்க வழிதவறிப் போயிருவாங்க.”

கோத்தகிரியிலிருந்து ஒரு பெண் எழுதியது அதற்குப் பிறகுதான். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குப் பக்குவம் தேடி வந்தவர். ‘எங்கம்மாவுக்குச் சமையலே வராது. ஆனா பெரட்டுக்குப் பிந்திப் போயி ஏச்சு வாங்குன கதைய சொல்லாத நாள் இல்ல. அம்மா பேரு லெச்சுமி.’

அன்று சாயங்காலம் கடைக்குள் அப்பாவை உட்கார வைத்து வீடியோ கோல் போட்டோம். திரையில் நரைத்த தலை ஒன்று வந்தது. அப்பா போனை முகத்துக்குக் கிட்ட இழுத்தார். அத்தைதான் முதலில் பேசினார்.

“ஏன்டா, எத்தன வருசமாச்சு. இன்னுமா நான் பிந்தி வந்தத ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்க?”

அப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். போர்டு அண்ணனை உள்ளே கூப்பிட்டேன். வாசலைத் தாண்டவில்லை. சாக்கடையைப் பார்த்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார். சளி, தடிமன் என்றார்.

இப்போதும் அவருக்குக் காட்டாமல் நான் எதையும் போடுவதில்லை. பாதி நேரம் பிழையாகத்தான் பேர் வைக்கிறார். திருத்த எனக்கு மனசு வருவதில்லை.