ஏழாம் நம்பர் மலைக் குளவி

பழனியாண்டியின் இடது கை முந்தாநாள் சிவந்தது, நேற்றுத் தடித்தது, இன்று காலையில் பேக்கரி பணிஸ் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. ஹட்டனில் போன ஞாயிற்றுக்கிழமை தோளுக்குக் கீழே குத்திக்கொண்ட பச்சை பழுத்துவிட்டது.

குத்தியது என்னவோ பெண்டாட்டி பூரணியின் பெயர்தான். ஆனால் போன தீபாவளிக்கு மச்சான் சுமன் கழுத்தில் பச்சையோடு வந்தபோது, "காட்டுப்பயலுக்கு என் வீட்டுல சோறு கெடையாது!" என்று லயத்து வீடுகளெல்லாம் கேட்கக் கத்தியவர் இதே பழனியாண்டிதான். தம்பி சாப்பிடாமல் திரும்பிப் போனதைப் பூரணி இன்றுவரை மறக்கவில்லை. இது மட்டும் தெரிந்தால் அவள் சும்மா விடுவாளா? மானம் கப்பலேறிவிடும்.

அவர் சட்டைக் கையை இழுத்து இழுத்து விட, பூரணி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, கை இப்படி வீங்கியிருக்கு? குளவி கிளவி கொட்டிருச்சா?"

கும்பிடப்போன சாமி குறுக்கே வந்த மாதிரி இருந்தது அவருக்கு.

"ஆமா புள்ள, குளவிதான். சின்னக் குளவி."

"சின்னக் குளவிக்கா இம்புட்டு வீக்கம்? கையத் தூக்குங்க."

முழங்கையில் வெங்காயத்தை வெட்டித் தேய்த்தாள். சாறு சட்டைக்குள் வழிந்து புண்ணில் இறங்கியது. பழனியாண்டி கூரையைப் பார்த்து முருகனைக் கூப்பிட்டார்.

அதோடு விட்டாளா? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கே இழுத்துக்கொண்டு போனாள். மலை வேலைகளைப் பார்க்கும் கண்டாக்கு சிவசாமி, "எங்க கொட்டுச்சு?" என்று கேட்டார்.

பழனியாண்டி வாய் திறக்குமுன் பூரணி முந்திக்கொண்டாள். "ஏழாம் நம்பர் மலைங்கய்யா. பெரிய சவுக்கு மரத்துக்கிட்ட. இவங்க பெக்டரிக்கு அந்தக் குறுக்குப் பாதையிலதான் போறாங்க."

அவ்வளவுதான். அந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகவேண்டிய இருபத்தெட்டுப் பெண்களும் கூடையை இறக்கி வைத்துவிட்டார்கள்.

"நாங்க போகமாட்டோம்யா!" என்றாள் முன்னால் நின்ற பேச்சியம்மா.

"ஒரே ஒரு குளவிதாங்கய்யா. அதுவும் செத்துப்போச்சு," என்று பழனியாண்டி இழுத்தார்.

"ஒன்னு இருந்தா கூடும் இருக்கும்ல?" என்றாள் பூரணி.

சிவசாமிக்கு முகம் கறுத்தது. "மருந்தோட நாலு பேர அனுப்புறேன். அங்க கூடு மட்டும் இல்லேன்னு வை, பழனியாண்டி, தொரைகிட்ட சொல்லி ஒன் வேலையவே நிப்பாட்டிருவேன்!"

கூடாவது ஒன்றாவது! இருபது வருஷ வேலை ஒரு பொய்யில் போகப்போகிறது.

தோட்டத்து டிஸ்பென்சரிக்குள் அவரை அனுப்பிவிட்டுப் பூரணி வாசலில் உட்கார்ந்தாள். மருந்து கொடுக்கும் லியனார்ட் ஐயா சட்டையை விலக்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஏன்யா, நம்ம தோட்டத்துக் குளவி எப்ப எழுதப் படிக்கக் கத்துக்கிச்சு?"

"மெதுவாங்கய்யா! அவ வெளிய இருக்கா."

லியனார்ட் சீழைத் துடைத்து, மருந்து வைத்துக் கட்டி, ஊசியும் போட்டார். "வெங்காயம் வேறயா! இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஆஸ்பத்திரியில படுத்திருப்பே. ஏழு நாள் மாத்திரை, ஒரு வேளையும் தப்பக்கூடாது."

"கை தப்பிச்சிருச்சு. வேலை தப்பாதேய்யா," என்று பழனியாண்டி கண் கலங்கினார்.

அப்போதுதான் மூச்சிரைக்க ஓடிவந்தாள் பேச்சியம்மா.

"அண்ணே! கூடு இருந்துச்சுண்ணே! சவுக்கு மரத்துல, அண்டா தண்டி! மருந்தடிச்சு எறக்கியாச்சு. இன்னைக்கு நாங்க அதுக்கு நேர் கீழதான் நின்னிருப்போம்."

"ஒருத்தரையும் கொட்டலையே?"

"ஒருத்தரையும் கொட்டல."

அப்பாடா! பழனியாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் நாக்கு அவிழ்ந்துகொண்டது. "முருகன் கைவிடல, பாத்தியா! குளவி கொட்டுச்சுன்னு நான் சும்மா ஒரு பொய்தான் சொன்னேன். அங்க நெசமாவே கூடு இருந்திருக்கு!"

பேச்சியம்மா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"முருகன் எங்கண்ணே வந்தாரு? மூணு மாசமா நாங்க அந்தக் கூட்டக் காட்டிக் கத்தியும் கண்டாக்கையா காதுல வாங்கல. நீங்க குத்திக்கிட்ட பச்சை பழுத்திருக்கறத நேத்து பீலித் தண்ணியில குளிக்கறப்பவே பாத்துட்டு, 'கத்துனது போதும்டி, நாளைக்கு எங்க வீட்டுக்காரர கொட்ட வச்சிருவோம்'னு சொன்னது பூரணிதாண்ணே!"