பன்னீரில் குளித்த பந்து

பக்தி கூடிப்போனால் புத்தி லீவு போட்டுவிடும். எந்தச் சாமியாரும் இதைச் சொல்லமாட்டார். நான் சொல்கிறேன். லண்டனின் சட்டன் பகுதியில் ஒரு மனிதரின் வாழ்க்கையை ஒரே பூசையில் கழுவித் துடைத்தவன் நான்தான்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. எங்கள் பக்கத்து வீட்டில் ரே என்ற அமெரிக்கர் தனியாக இருந்தார். இளமையில் பேஸ்பால் விளையாடியவர். பெரிய நட்சத்திரமெல்லாம் இல்லை. "மைதானத்தில் ஓடியதைவிட ஓரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து தேய்த்ததுதான் அதிகம்" என்று அவரே சொல்வார். இங்கிலாந்துக்காரியைக் கட்டி இங்கே வந்து, மனைவியும் காலமான பிறகு, அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரு பந்து.

அவரது கடைசி ஆட்டத்தன்று அணியில் இருந்த எல்லோரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், வால்டர் என்பவரைத் தவிர. ரேயோடு ஏதோ வாய்த்தர்க்கத்தில் அவர் பேனையை எறிந்துவிட்டுப் போனவர்தான். சேகரிப்புக்காரர்கள் தேடிவந்து கேட்டும் ரே அந்தப் பந்தைக் கொடுக்கவில்லை, வால்டரின் பெயர் இல்லாமல் அது முழுமையாகாது என்று. அந்த வால்டர் இப்போது மனம் மாறி, கையெழுத்துப் போடவென்றே சனிக்கிழமை லண்டன் வருகிறார்! ரேக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் வீட்டில் பெயின்ட் வேலை. "சனிக்கிழமை வரை பத்திரமாக வைத்திரு" என்று பந்தை என்னிடம் தந்தார்.

"கவலையே வேண்டாம், கடவுளுக்குப் பக்கத்தில் வைக்கிறேன்" என்றேன். (பாவம், அதை அவர் சும்மா ஒரு பேச்சு என்று நினைத்துவிட்டார்.)

அந்தக் கிழமை நடுவில்தான் சரஸ்வதி பூசை. மகள் துளசியின் புத்தகங்கள், வயலின், என் டிரில் மெஷின், கார்த் திறப்புக் கொத்து எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமிப் படத்துக்கு முன் அடுக்குவது எங்கள் வழக்கம். (மோர்டனில் ஒரு நண்பர் கிரெடிட் கார்டுக்கே பொட்டு வைத்தார். கடையில் மெஷின் அதை ஏற்க மறுத்துவிட்டது.) பந்தைப் பார்த்தேன். ஒரு வீரனின் ஆயுதம் அல்லவா? அதை எப்படி விடுவது?

"இஞ்சாருங்கோ, அந்த மனிசனைக் கேட்டனீங்களோ?" என்றாள் என் மனைவி வசந்தி.

"பூசைக்கு வைக்க ஆரைக் கேக்கிறது? உமக்கு ஒண்டும் விளங்காது, சும்மா இரும்."

பன்னீரில் நனைத்த துணியால் பந்தை அழுத்தித் துடைத்தேன். துணி நீலமானது. எவ்வளவு ஊத்தை என்று மெச்சிக்கொண்டு இன்னும் இரண்டு சுற்றுத் துடைத்தேன். பிறகுதான் பந்தைத் திருப்பிப் பார்த்தேன். ஐயோ!

மானமுள்ளவன் என்றால் அப்போதே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருப்பான். நான் கதவைச் சாத்திக்கொண்டு துளசியின் பேனையை எடுத்தேன். தடம் தெரிந்த இடத்தில் அதன் மேலேயே எழுதினேன். தெரியாத இடத்தில் வாய்க்கு வந்த அமெரிக்கப் பெயரை எழுதினேன். முடித்துப் பார்த்தால், அத்தனை வீரர்களும் யாழ்ப்பாணத்தில் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள் போல உருண்டை உருண்டையாகக் கையெழுத்திட்டிருந்தார்கள்.

வசந்தி தலையில் கைவைத்தாள். "கழுவினது போதாதெண்டு கள்ளக் கையெழுத்தும் போட்டிட்டியளோ? இப்பவே போய்ச் சொல்லுங்கோ."

"ஏலாதப்பா, சனிக்கிழமை பாப்பம்."

சனிக்கிழமை வந்தது. ரே புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஊன்றுகோலுடன் நின்ற வால்டரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பந்தை வாங்கித் திருப்பினார். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல மெல்லப் போனது. வால்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"யார் இந்த ஜாக் ஜாக்சன்? நம் அணியில் அப்படி ஒருவனும் இல்லையே?"

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ரே எங்கள் மாடிப்படியில் போய் உட்கார்ந்து, பந்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். பிறகு, "இவர்களில் பாதிப்பேர் இப்போது உயிரோடு இல்லை" என்றார். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் நன்றி சொல்லி வாங்கியிருப்பேன்.

வால்டர் என்னிடம் பேனை கேட்டார். (அவசரத்தில் அதே பேனையைத்தான் நீட்டினேன். என் புத்தி அப்படி!) ரேக்குப் பக்கத்தில் சிரமப்பட்டு உட்கார்ந்து, என் உருண்டை எழுத்துகளுக்கு நடுவே கிறுக்கலாகக் கையெழுத்துப் போட்டார்.

"ரே, அன்றைக்குப் போடமாட்டேன் என்று போனவன் நான். இன்றைக்கு இந்தப் பந்திலேயே உண்மையான கையெழுத்து என்னுடையது ஒன்றுதான். இனி நீ என்னோடு சண்டை பிடிக்கவே முடியாது!"

ரே சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். இரண்டு பேரும் தோளில் கைபோட்டுக்கொண்டு போனார்கள். நான் அவர்களுக்கென்று கொண்டுவந்த தேத்தண்ணித் தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றேன். அதன்பிறகும் ரே என்னோடு நன்றாகத்தான் பழகினார். ஆனால் ஒரு பொருளைக்கூடப் பத்திரப்படுத்தத் தந்ததில்லை.

போன வருடம் துளசி தான் விரும்பிய பையனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். "அப்பா, திஸ் இஸ் பிரணவன். பிளீஸ், பத்திரமாய் வைச்சிருக்கிறன் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். வசந்தி சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் அடுப்படிக்கு ஓடினாள். பையனுக்கு முழுக் கதையும் சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறாள் போல. மரியாதையாக என் கையைக் குலுக்கினான். பிறகு, ஏதாவது அழிந்துவிட்டதா என்று தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.